இரட்டை ஸ்பிரிங் தோல் சீட்டு

பிப்ரவரி 6, திங்கள்

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து தூத்துக்குடிக்குத் திரும்பியாயிற்று. ரத்த வகை ஒன்றுதான். மற்றப் பொருத்தங்களும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். என் தங்கை பியூலாவுக்கு என் சிறுநீரகங்களில் ஒன்றை வைக்கலாம். ஆனால் இப்போது முடியாது. அங்கே நிறுத்துப் பார்த்ததில் நான் 117.4 கிலோ.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் பேசினார்.

"இந்த எடையில உங்களுக்கு மயக்க மருந்து குடுக்கறதே ரிஸ்க். ஒரு கிட்னிய எடுத்த பிறகு இதே எடையோட இருக்கறது அதைவிட ரிஸ்க். நூறுக்குக் கீழ வாங்க. அப்புறம் மத்த டெஸ்ட் எல்லாம் எடுக்கலாம்."

எவ்வளவு நாளில் என்று கேட்டேன். சீக்கிரம் வந்தால் அவர்களுக்கு நல்லது என்று பியூலா பக்கம் கை காட்டினார். என் முழங்கால் படத்தைப் பார்த்துவிட்டு நடை, ஓட்டம் எதுவும் வேண்டாம், சைக்கிள் ஓட்டுங்கள் என்றார்.

பஸ்ஸில் பியூலா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அருப்புக்கோட்டை தாண்டியதும், "ஜன்னல மூடட்டுமாண்ணே?" என்றாள். வேண்டாம் என்றேன். அவள் கணவர் ரத்தினசிங்குக்குச் சர்க்கரை. அப்பாவும் அம்மாவும் இல்லை. கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

பிப்ரவரி 9

சைக்கிள் வாங்கினேன். பாளையங்கோட்டை ரோட்டில் மீரான் கடை. மீரானுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். நான் உள்ளே நுழைந்ததும் என்ன சைக்கிள் வேண்டும் என்று கேட்கவில்லை.

"வெயிட் எவ்வளவு அண்ணாச்சி? கூச்சப்படாம சொல்லுங்க. அதப் பொறுத்துதான் பின் சக்கரம்."

சொன்னேன். கறுப்பு நிறத்தில், இரட்டைக் குறுக்குக் கம்பி போட்ட கனமான சைக்கிளைக் காட்டினார். பின் சக்கரத்துக்குத் தடித்த ஸ்போக்ஸ் கட்டித் தருவதாகச் சொன்னார். அதோடு வந்த சீட்டு ரெக்சின் உறை போட்டது. உள்ளே ஸ்பாஞ்சு. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 12, ஞாயிறு

ஆராதனைக்கு முன் மூன்று கிலோமீட்டர். வீட்டிலிருந்து கிளம்பி, துறைமுகச் சாலையில் நான் வேலை பார்க்கும் லாரி எடைமேடை வரை போய், மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஊர் முழுவதும் சமதரை. மேடு என்று சொன்னால் ரயில்வே பாலம் ஒன்றுதான். எதிர்க்காற்று இருந்தது. சீட்டு இரண்டு முறை கீழே இறங்கியது. திரும்பும்போது தொடை இடுக்கில் உணர்வே இல்லை.

பிப்ரவரி 16

காலையில் உப்பளத்துப் பக்கம் போகும்போது சீட்டின் அடிப்பாகம் இரண்டாகப் பிளந்தது. பிளாஸ்டிக். வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தேன். மனைவி எப்சி பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தாள். உடைந்த சீட்டைப் பார்த்தாள். "அடி ஒண்ணும் படலியே?" என்றாள்.

பிப்ரவரி 18

மீரானிடம் உடைந்ததைக் காட்டினேன். ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து மர ஸ்டூலின் மேல் விரித்தார். அதில் உட்காரச் சொன்னார். முழங்காலைச் சற்றுத் தூக்கிக்கொண்டு ஒரு நிமிடம் உட்கார்ந்தேன். எழுந்தபோது அட்டையில் இரண்டு குழி விழுந்திருந்தது. டேப் வைத்து அளந்தார். இரண்டு குழிக்கும் நடுவே பதினான்கு சென்டிமீட்டர்.

"இந்த ரெண்டு எலும்புலதான் அண்ணாச்சி மனுசன் உக்காருதான். சதையில இல்ல. நீங்க ஸ்பாஞ்சு சீட்டுல உக்காந்தா எலும்பு உள்ள அமுங்கிரும். நடுவுல இருக்க ஸ்பாஞ்சு மேல ஏறி நரம்ப அமுக்கும். அதான் மரத்துப் போவுது. மெத்துமெத்துன்னு இருந்தா நல்லதுன்னு எல்லாரும் நெனைக்காவ. வெயிட்டு கூடுன ஆளுக்கு அது ஆவாது."

தோல் சீட்டுகள் மூன்று காட்டினார். தடித்த மாட்டுத் தோலை முன்னும் பின்னும் இரும்பில் இழுத்துப் பிடித்து ஆணி அடித்திருக்கிறார்கள். அடியில் பஞ்சோ பலகையோ கிடையாது. தூளி போல அந்தரத்தில் நிற்கிறது. முதலாவதில் ஸ்பிரிங்கே இல்லை. குனிந்து வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு அது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினால் உடம்பு பாரம் முழுவதும் பின்னால் இறங்கும் என்பதால் ஸ்பிரிங் வேண்டும் என்றார். இரண்டாவதில் பக்கத்துக்கு ஒரு ஸ்பிரிங். மூன்றாவதில் பக்கத்துக்கு இரண்டு, சீட்டின் முன்பக்க மூக்கின் அடியில் வளைந்த கம்பியாக இன்னொன்று. அகலம் இருபத்து மூன்று சென்டிமீட்டர். கறுப்புத் தோல். அதைச் சைக்கிளில் மாட்டி உட்காரச் சொன்னார். ஸ்பிரிங் ஒரு விரற்கடை இறங்கி நின்றது.

"உங்களுக்கு இதுதான்," என்றார்.

ஸ்பிரிங்குக்குக் குரோம் பூச்சு போட்டிருந்தார்கள். தூத்துக்குடி உப்புக் காற்றுக்குக் குரோம் நிற்காது என்று சொன்னேன். எண்ணெய் தொட்டு வைத்தால் போதும் என்றார். யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு வந்தேன்.

உடைந்த சீட்டுக்குப் பதிலாக அதே போன்ற ஒன்றைத் தற்காலிகமாக மாட்டிக் கொடுத்தார்.

பிப்ரவரி 23

கோயம்புத்தூரில் ஒருவர் நூற்று முப்பது கிலோ எடையோடு தினமும் நாற்பது கிலோமீட்டர் ஓட்டுகிறாராம். எண் கிடைத்துப் பேசினேன். அவரும் பக்கத்துக்கு இரண்டு ஸ்பிரிங் உள்ள தோல் சீட்டைத்தான் சொன்னார். ஆனால் அவர் ஊரில் கடல் இல்லை.

மார்ச் 3

சீட்டு பற்றி இதுவரை தெரிந்துகொண்டவற்றை எழுதி வைக்கிறேன். அகலம் குறைந்தால் எலும்பு விளிம்பில் உட்காரும். அகலம் கூடினால் தொடை உரசும். தோல் மெலிந்திருந்தால் என் எடைக்கு ஆறு மாதத்தில் தொய்ந்துவிடும். தடித்திருந்தால் பழகுவதற்கு ஐந்நூறு கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும். ஸ்பிரிங் இளகியிருந்தால் மிதிக்கும் பலம் வீணாகும், இறுகியிருந்தால் பள்ளத்தில் முதுகு அடி வாங்கும். மழையில் நனையக் கூடாது. வெயிலில் காய வைக்கக் கூடாது. பழுப்புத் தோலா, கறுப்புத் தோலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சென்னையில் ஒருவர் பழுப்பு என்கிறார்.

தவறான சீட்டில் ஓட்டி நரம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதால் இந்த வாரம் சைக்கிள் எடுக்கவில்லை.

மார்ச் 8

உப்பு லோடு அதிகம். நாற்பத்தோரு லாரி நிறுத்தேன். எங்கள் எடைமேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். மனிதர்களை நிறுக்க அது உதவாது.

பியூலா போன் செய்தாள். செவ்வாயும் வெள்ளியும் அவளுக்கு டயாலிசிஸ். நேற்று முடிந்து வந்ததும் வாந்தி என்றாள். பிறகு மகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினாள். சீட்டு கிடைத்ததா என்று கேட்டாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

மார்ச் 14

எடை 117.9.

எப்சி சப்பாத்தி இட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஒரு மாசமா சீட்டு பாக்குதீய. அப்படி என்னதான் வித்தியாசம்?"

நான் ஸ்பிரிங்கின் வித்தியாசத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள். இடையில் ஒரு சப்பாத்தி கருகிவிட்டது. அதை எடுத்துத் தனியாக வைத்தாள்.

"ஆக வேண்டாம்னு இருந்தா வேண்டாம்னு சொல்லலாம். ஒங்கள யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ," என்றாள்.

சீட்டைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, கட்டாயம் வாங்கத்தான் போகிறேன் என்றேன்.

மார்ச் 26, ஞாயிறு

ஆராதனை முடிந்து பியூலா வீட்டுக்குப் போனோம். ரத்தினசிங் மீன் வாங்கி வந்திருந்தார். பியூலா எங்களுக்குப் பரிமாறினாள். அவள் மீனைத் தொடவில்லை. சாப்பிட்ட பிறகு எப்சியும் ரத்தினசிங்கும் உள்ளே பாத்திரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். பியூலா என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இடது முழங்கைக்குக் கீழே ஊசி போடும் இடம் கயிறு போலப் புடைத்திருக்கிறது. சேலை முந்தியால் மூடிக்கொண்டாள்.

"சைக்கிள் எப்படி ஓடுது?"

சீட்டு இன்னும் அமையவில்லை என்று சொல்லி, மூன்று வகைகளையும் விளக்கினேன். அட்டையில் உட்கார்ந்து அளந்ததைச் சொன்னதும் சிரித்தாள். குரோம் பூச்சைப் பற்றிச் சொன்னேன். கறுப்பு வண்ணம் பூசிய ஸ்பிரிங் பெங்களூரில் கிடைப்பதாகச் சொன்னேன். நான் நிறுத்தியதும் சொன்னாள்.

"அண்ணே, சீட்டுதான் பிரச்சினைன்னா சீக்கிரம் கெடைக்கட்டும்னு ஜெபம் பண்ணுதேன். வேற ஏதாவதுன்னா எங்கிட்ட சொல்லிரு. நான் சங்கடப்பட மாட்டேன். ஆசுபத்திரி கிட்னி லிஸ்ட்ல பேரு இருக்கு. எப்பவாவது வரும்."

"சீட்டுதான்," என்றேன்.

"சரி," என்றாள்.



ஏப்ரல் 4

பியூலாவின் கையில் ஊசி போடும் அந்த ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. இனி அதில் டயாலிசிஸ் செய்ய முடியாது. கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 5

மீரான் கடையைத் திறப்பதற்கு முன்பே போய் நின்றேன். அவர் வந்து பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினார். அந்தச் சீட்டு அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பிப்ரவரி 18-ஆம் தேதி உட்கார்ந்து பார்த்த அதே சீட்டு.

"இதத்தான அன்னைக்கே..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஸ்பேனரை எடுத்தார்.

மாட்டும்போது சொல்லிக்கொண்டே வந்தார். மூக்கு ஒரு நூல் அளவு மேலே தூக்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், கை வலிக்கும். மாதம் ஒருமுறை மெழுகுத் தைலத்தைத் தோலின் அடியிலும் மேலேயும் தடவ வேண்டும். மூக்கின் அடியில் இருக்கும் நட்டைத் தொடவே கூடாது. தோல் தொய்ந்தால் மட்டும் அவரே வந்து அரைச் சுற்று முடுக்குவார்.

"மொத மாசம் பலகையில உக்காந்த மாதிரி வலிக்கும். திட்டுவீய. விட்றாதீங்க."

எடைமேடைக்குப் போகும் வழியில் ரயில்வே பாலத்தில் இறங்காமல் ஏற முடியவில்லை. இறங்கித் தள்ளினேன்.

இதை இங்கே எழுதிவிட வேண்டும். சீட்டில் குறை எதுவும் இருந்ததில்லை.

ஏப்ரல் 6

ஆறு கிலோமீட்டர்.

ஏப்ரல் 7

ஆறு. புனித வெள்ளி. ஆராதனையில் மூன்று மணி நேரம் பலகையில் உட்கார முடியவில்லை. கடைசியில் நின்றுகொண்டேன். பக்திக்காக நிற்கிறேன் என்று நினைத்து ஆலயத்தில் இரண்டு பேர் என்னோடு நின்றார்கள்.

ஏப்ரல் 19

எட்டு. இரண்டு எலும்பும் கன்றிப் போயிருக்கின்றன. எப்சி தவிட்டு ஒத்தடம் கொடுத்தாள். இரவு சோறு நிறுத்தியாயிற்று. அதன் இடத்தில் அவித்த பயறும் வெள்ளரிக்காயும்.

மே 11

முதன்முறையாக வலிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சீட்டைப் பார்த்தேன். அட்டையில் விழுந்தது போலவே தோலில் இரண்டு லேசான குழி. தடவிப் பார்த்தால்தான் தெரியும். 111.8 கிலோ. முந்நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் ஆகியிருக்கிறது.

மே 29

காற்று தொடங்கிவிட்டது. இந்த ஊரில் ஆனி, ஆடிக் காற்றில் சைக்கிள் ஓட்டுவதும் பாரம் ஏற்றிய வண்டியைத் தள்ளுவதும் ஒன்று. போகும்போது பதினைந்து நிமிடம், வரும்போது நாற்பது. ஸ்பிரிங்கில் துரு பிடித்திருக்கிறது. பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து எண்ணெய் தொட்டேன். நான்கிலும் ஒரே மாதிரி துரு. கறுப்பு வண்ணம் பூசியிருந்தாலும் பிடித்திருக்கும்.

ஜூன் 20

108. பியூலாவுக்குக் கழுத்துக் குழாயில் சீழ் வைத்துக் காய்ச்சல். ஐந்து நாள் மருந்து ஏற்றினார்கள். இன்று வீட்டுக்கு வந்துவிட்டாள். நேரில் பார்க்கப் போனேன், சைக்கிளில். வாசலில் நிறுத்தியதும் எழுந்து வந்து சீட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"கல்லு மாதிரி இருக்கு. இதுலயா உக்காருத?"

"பழகிட்டு."

"நீ எளச்சுட்டண்ணே. கன்னம் எல்லாம் ஒட்டிப் போச்சு. மைனி ஒழுங்கா சோறு போடுதாவளா?"

அவள் கன்னத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 13

விழுந்துவிட்டேன். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று பக்கத்தில் கடந்தது. அது கடந்த வேகத்தில் காற்று இழுத்துத் தள்ளியது. மண்ணில் சாய்ந்தேன். முழங்கையும் முட்டியும் தோல் வழன்றுவிட்டன. சீட்டின் இடது ஓரத்தில் ஒரு கீறல். ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது.

எப்சி டெட்டால் போட்டுத் துடைத்தாள். மணல் உள்ளே ஒட்டியிருந்ததால் நேரமாயிற்று. துடைத்துக்கொண்டிருந்தவள் பஞ்சைக் கீழே வைத்துவிட்டாள்.

"அந்த லாரி ஒரு அடி இந்தப் பக்கம் வந்திருந்தா?"

"வரல."

"ஆப்பரேசன்ல ஏதாவது ஆயிட்டா? நம்ம பிள்ள படிப்பு இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. பியூலாவும் வேணும். நீங்களும் வேணும். நான் யாருக்காக ஜெபம் பண்ண? எனக்குப் பயமா இருக்கு. ஒங்களுக்கு இல்லியா?"

சீட்டின் கீறலில் மெழுகு தடவ வேண்டும், இல்லையென்றால் தோல் அங்கிருந்து கிழியத் தொடங்கும் என்று சொன்னேன்.

எப்சி எழுந்து போய் மெழுகு டப்பாவைத் தேடி எடுத்துவந்து, திறந்து, அவளே தடவினாள். விரலால் வட்டம் வட்டமாக. ரொம்ப நேரம் தடவினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 14

ஆஸ்பத்திரிச் சம்மதப் படிவத்தில் மனைவி கையெழுத்து இடும் இடத்தில் எப்சி கையெழுத்துப் போட்டு என் மேஜையில் வைத்திருக்கிறாள். நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5

103.2

ஆகஸ்ட் 12

103.4

ஆகஸ்ட் 19

103.1. மூன்று வாரமாக இறங்கவில்லை. பியூலாவுக்கு மறுபடி காய்ச்சல். கழுத்தில் வலப்பக்கம் எடுத்துவிட்டு இடப்பக்கம் குழாய் போட்டிருக்கிறார்கள். இனி போடுவதற்கு இடம் அதிகம் இல்லை என்று குழாய் போட்ட டாக்டர் ரத்தினசிங்கிடம் சொல்லியிருக்கிறார். ரத்தினசிங் எனக்குப் போன் செய்து இதைச் சொன்னார். சொல்லிவிட்டு, "ஒங்கள அவசரப்படுத்தணும்னு சொல்லல மச்சான்," என்றார்.

நாளை முதல் காலை, மாலை இரண்டு வேளை.

ஆகஸ்ட் 28

காலை பதினெட்டு, மாலை பன்னிரண்டு கிலோமீட்டர். திருச்செந்தூர் சாலையில் போய்வருகிறேன். சீட்டு இப்போது என் உடம்பை அறிந்து வைத்திருக்கிறது. ஏறி உட்கார்ந்தால் இடம் தானாக அமைந்துவிடுகிறது. பள்ளம் வரும்போது ஸ்பிரிங் ஒரு சத்தம் கொடுக்கும். ஆனால் முன்பு ஒரு விரற்கடை இறங்கியது இப்போது அவ்வளவு இறங்குவதில்லை. மீரானிடம் ஸ்பிரிங் இறுகிவிட்டதா என்று கேட்டேன்.

"ஸ்பிரிங்கு அப்படியேதான் இருக்கு அண்ணாச்சி. நீங்கதான் கொறஞ்சுட்டீய," என்றார்.

செப்டம்பர் 9

99.7. வேறு கருவியிலும் நிறுத்துப் பார்த்தேன். 99.6.

பியூலாவுக்குப் போன் செய்து எண்ணைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தம் இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து இரண்டு முறை ஹலோ என்றேன். "இருக்கேன்," என்றாள்.

செப்டம்பர் 19

மதுரை. இரண்டு நாளாகப் பரிசோதனை. ரத்தம், ஸ்கேன், இதயம். டாக்டரம்மா பழைய எண்ணையும் புதிய எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். எப்படி என்று கேட்டார். சைக்கிள் என்றேன். தலையசைத்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார்.

கடைசியாக ஒரு அறைக்கு அனுப்பினார்கள். அங்கே மனநல ஆலோசகர், இளம் வயதுப் பெண். எப்சியை வெளியே இருக்கச் சொன்னார். கதவைச் சாத்தினார்.

"நீங்க இங்க சொல்றது எதையும் உங்க தங்கச்சிகிட்ட சொல்ல மாட்டோம். வேண்டாம்னு நினைச்சா இப்பவும் சொல்லலாம். மருத்துவக் காரணத்தால முடியலன்னு மட்டும் நாங்க அவங்களுக்குச் சொல்லிருவோம். யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களா சார்?"

"இல்ல."

"பயமா இருக்கா?"

"இருந்துச்சு."

"எப்போ?"

"பிப்ரவரி பதினெட்டுல இருந்து ஏப்ரல் நாலு வரைக்கும்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அந்த நாட்களில் என்ன நடந்தது என்று கேட்டார். சைக்கிளுக்குச் சீட்டு பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தாளில் எதையோ எழுதினார். பிறகு, "இப்போ?" என்றார்.

இப்போது பயப்பட நேரம் இல்லை, அவள் கழுத்தில் இடம் இல்லை என்றேன். அறையில் ஏசி அதிகம். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

அக்டோபர் 3

எல்லாம் சரி என்று மதுரையிலிருந்து போன். 16-ஆம் தேதி ஆப்பரேஷன். இடது பக்கத்தை எடுப்பார்கள்.

அக்டோபர் 13

எடைமேடையில் இரண்டு மாத விடுப்பு எழுதிக் கொடுத்தேன். லாரி டிரைவர் ஒருவர் சலவை செய்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். எதற்கு என்று கேட்டேன். "ஆசுபத்திரிக்குப் போறீயளாமே," என்றார். யார் சொன்னது என்று தெரியவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை.

காலையில் இருபது கிலோமீட்டர். டாக்டர் சொன்ன கணக்குப்படி இனி மூன்று மாதம் சைக்கிளைத் தொடக் கூடாது.

அக்டோபர் 15, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் சேர்ந்தோம். பியூலாவுக்கு மேல் மாடி. எனக்குக் கீழே. மாலையில் வெறும் ஐந்து நிமிடம் பார்க்கவிட்டார்கள். ரத்தினசிங்கும் எப்சியும் இருந்தார்கள். நான்கு பேரும் ஆஸ்பத்திரிக் கான்டீன் காப்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். மோசமான காப்பி. அழைத்துப் போக ஆள் வந்தபோது பியூலா என் கையைப் பிடித்தாள். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பிடிப்பாளே, அதே மாதிரி சுண்டுவிரலை மட்டும்.

"அண்ணே, உள்ள போன பிறகும் வேண்டாம்னு தோணுச்சுன்னா சொல்லிரு."

"போய்ப் படு," என்றேன்.

அக்டோபர் 18

எப்சி எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. உட்கார்ந்து எழுத வயிறு விடவில்லை. ஆப்பரேஷன் முடிந்தது. நாலரை மணி நேரம். பியூலாவுக்கு வைத்த கொஞ்ச நேரத்திலேயே சிறுநீர் வந்துவிட்டது, மேஜையிலேயே வந்தது என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்னாராம். ரத்தினசிங் வராந்தாவில் தரையில் உட்கார்ந்துவிட்டாராம். நேற்று என்னை எழுப்பி நடக்க வைத்தார்கள். பதினோரு அடி.

(அவர் சொல்லாததை நான் எழுதுகிறேன். மயக்கம் தெளிந்ததும் முதல் வார்த்தை பியூலா பேர்தான். என் பேரை அதற்குப் பிறகுதான் சொன்னார். எப்சிபா.)

அக்டோபர் 19

நேற்று அவள் எழுதியதை இன்றுதான் வாசித்தேன். அதை அடித்து நீக்கவில்லை. இருக்கட்டும்.

அக்டோபர் 21

நாளை என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்கு முன் பியூலாவைப் பார்க்க அனுமதி கேட்டேன். உள்ளே போக முடியாது, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம் என்றார்கள். எப்சி தோளைப் பிடித்துக்கொண்டாள். லிஃப்டில் மேல் மாடிக்குப் போனோம்.

பியூலா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வீக்கம் வடிந்து, தாடை எலும்பு தெரிந்தது. கழுத்துக் குழாய் இல்லை. பிளாஸ்திரி மட்டும் ஒட்டியிருந்தது. பக்கத்தில் நர்ஸ் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இன்று மூன்று லிட்டருக்கு மேல் குடித்தாக வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவாம்.

டயாலிசிஸ் தொடங்கிய மூன்று வருடமாக அவளுக்கு நாளொன்றுக்கு முக்கால் லிட்டர்தான். குழம்பு, காப்பி எல்லாம் அதற்குள் அடக்கம். சித்திரை வெயிலில் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு மத்தியானம் முழுவதையும் ஓட்டுவாள் என்று ரத்தினசிங் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

நர்ஸ் பாட்டிலை நீட்டினார். பியூலா இரண்டு கையாலும் வாங்கினாள். முதலில் ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தி, நர்ஸைப் பார்த்தாள். அவர் இன்னும் என்பது போலக் கையை ஆட்டினார். அப்புறம் நிறுத்தவில்லை. தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. தாடையிலிருந்து வழிந்து கழுத்துப் பிளாஸ்திரி வரை நனைந்தது. நர்ஸ் துண்டை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். பாட்டிலைக் கீழே வைத்தபோதுதான் எங்களைப் பார்த்தாள். பாதி காலியாகியிருந்த பாட்டிலைத் தூக்கி எனக்குக் காட்டினாள்.

கண்ணாடியில் என் மூச்சு படிந்து மங்கலாகிவிட்டது. அந்த டிரைவர் கொடுத்த துண்டு தோளில் இருந்தது. துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி துடைக்க வேண்டியிருந்தது. எப்சி அந்தத் துண்டை வாங்கித் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வராந்தாவில் வந்த ஊழியர் ஒருவர் நின்றார்.

"ஐயா, தையல் போட்ட உடம்பு. இவ்வளவு நேரம் நிக்கக் கூடாது. கட்டிலுக்குப் போங்க."

"மிச்சத்தையும் குடிக்கட்டும். போறேன்," என்றேன்.